தோற்றால் ஸ்டமினா, வென்றால் திறமை

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு உதைபந்தாட்ட அணி இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டால், மைதானத்தை விட்டு வெளியே வரும்போதே தீர்ப்பு வந்துவிடும்: "பொடியனுகளுக்கு ஸ்டமினா இல்ல." தடுப்பாளர் இடம் தவறி நின்றாரா, கோல்காப்பாளர் முன்னே வரத் தயங்கினாரா, நடுவர் ஒஃப்சைட்டைக் காணாமல் விட்டாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. அதே அணி வென்றிருந்தால் ஸ்டமினாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "என்ன விளையாட்டு கா!" என்று திறமையைத்தான் புகழ்வார்கள். ஏறாவூரிலிருந்து திருக்கோவில் வரைக்கும் எந்த மைதானத்தில் நின்று கேட்டாலும் இதே கதைதான்.

தீர்ப்பு அப்படியென்றால் மருந்தும் அப்படித்தான். அடுத்த சுற்றுப்போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பொடியன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள். ஒரே வேகம், ஒரே திசை. நடுவில் ஒருவர் விசிலோடு நிற்பார். கல்லடிக் கடற்கரை மணலில் ஓடவிடுபவர்களும் உண்டு. மணலில் ஓடினால் கால் இறுகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்னால் ஓடுகிறவர் பெரும்பாலும் அணியிலேயே சாதாரண ஆட்டக்காரராக இருப்பார். கடைசியில் இழுபட்டுக்கொண்டு வருகிறவர்தான் போன மெச்சில் கோல் போட்டவர்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் கழகம் ஒன்றின் பயிற்சிக்கு நானும் பின்னேரங்களில் போய் நிற்பதுண்டு. அதனால் இந்த 'ஸ்டமினா' என்கிற விஷயத்தைப் பற்றி உலகத்தின் உயர்மட்ட அணிகளில் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, எங்கள் தீர்ப்பில் பாதி சரி என்றும், அதற்கு நாங்கள் கொடுக்கும் மருந்து ஏறக்குறைய முழுக்கப் பிழை என்றும் படுகிறது.

முதலில் சரியான பாதி. உயர்மட்ட உதைபந்தாட்டத்தில் ஒரு வீரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை போய் வருகிறார். கோல்காப்பாளருக்கு 4, 5 கிலோமீற்றர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு நடையும் மெதுவோட்டமும்தான். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பங்ஸ்போ உதைபந்தாட்ட உடற்தகுதி ஆய்வில் பெரிய ஆள். ஜுவென்டஸ் கழகத்தில் உதவிப் பயிற்றுநராகவும் இருந்தவர். அவரும் அவருடைய சகாக்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் முதல்தர அணி ஒன்றின் வீரர்களையும், டென்மார்க் லீக்கில் ஆடும் நடுத்தரத் தொழில்முறை வீரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: ஒரு தரப்பு 10.86 கிலோமீற்றர், மற்றத் தரப்பு 10.33. வித்தியாசம் வேகமான ஓட்டத்தில்தான் இருந்தது. முதல்தரத்தார் 2.43 கிலோமீற்றர், மற்றவர்கள் 1.90. முழு வேகப் பாய்ச்சலை மட்டும் எடுத்தால் 650 மீற்றரும் 410 மீற்றரும்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆட்டத்தின் மிகக் கடுமையான ஐந்து நிமிடம் முடிந்தவுடன் வரும் அடுத்த ஐந்து நிமிடத்தில், வீரர்களின் வேகமான ஓட்டம் அந்த ஆட்டத்தின் சராசரியை விட 12 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது களைப்பு கடைசியில் மட்டும் வருவதில்லை. நடுவிலும் வரும், தங்கும், போகும். அது தங்கி நிற்கும் அந்தச் சில நிமிடத்தில் பந்து யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மெச் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். எங்கள் இடது பக்கத் தடுப்பாளர் நல்ல பொடியன், விடியற்காலையில் வாவியில் வலை இழுத்துவிட்டு வருகிறவன். மைதானத்தைச் சுற்றி எத்தனை ரவுண்ட் சொன்னாலும் ஓடுவான். எதிரணியின் வலது விங் ஆட்டக்காரர் பந்தைத் தள்ளிவிட்டு அவனைத் தாண்டிப் போனார், கோல் விழுந்தது. "ஓடாம நிக்கிறான் பாரு, ஸ்டமினா இல்ல!" என்று வெளியே கத்தினார்கள். நான் கோட்டோரம் நின்றேன். அவன் ஓடினான். ஆனால் அதற்கு முந்திய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவை எதிரணியின் மூலைக்கொடி வரை போய்த் திரும்பியிருந்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தலையைக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்தக் கணத்தில்தான் நடுவில் பந்து பறிபோனது. அவன் நிமிர்ந்து பார்க்கும்போது ஆள் தோளோடு தோளாக வந்துவிட்டார். கால் தோற்கவில்லை, பார்வை அரைச் செக்கன் பிந்திவிட்டது.

இப்படியான பொடியனுக்கு இன்னும் பத்து ரவுண்ட் கூட்டிக் கொடுப்பதால் என்ன பயன்? அவனுக்குத் தேவை, பாய்ந்து போய்த் திரும்பி வந்து பத்து இருபது செக்கனுக்குள் மூச்சை மீட்டு அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராவது. பங்ஸ்போவின் யோ-யோ சோதனை இதைத்தான் அளக்கிறது. 20 மீற்றர் போய் 20 மீற்றர் திரும்பி, 10 செக்கன் ஆறி, மறுபடியும் ஓட வேண்டும். பீப் சத்தம் வர வர வேகம் கூடும். இந்தச் சோதனையில் ஒருவர் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதற்கும் மெச்சில் அவர் வேகமாக ஓடும் தூரத்துக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது என்பது தொழில்முறை வீரர்களிடமே பார்த்து உறுதிப்படுத்தப்பட்ட விஷயம்.

பயிற்சியால் மெச் மாறுமா என்று நேரடியாகச் சோதித்தவர்கள் நோர்வேக்காரர்கள். ஹெல்கெருட்டும் சகாக்களும் 2001இல் வெளியிட்டது. பதினெட்டு வயதை ஒட்டிய தேர்ந்த இளம் வீரர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சியோடு கிழமைக்கு இரண்டு நாள், எட்டுக் கிழமை, நான்கு நிமிடம் கடும் ஓட்டம், இப்படி நான்கு தடவை. இடையில் மூன்று நிமிடம் மெதுவோட்டம். கடும் ஓட்டம் என்றால் இதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதத்தைத் தொட வேண்டும், பக்கத்தில் ஓடுகிறவனோடு கதைக்க ஏலாத அளவு. மற்றப் பகுதியினர் அந்த நேரத்தில் பந்தோடு நுட்பப் பயிற்சி செய்தார்கள். எட்டுக் கிழமைக்குப் பிறகு, ஓடிய பகுதியினர் மெச்சில் போன தூரம் 20 சதவீதம் கூடியது, பாய்ச்சல்களின் எண்ணிக்கை இரட்டித்தது, பந்தோடு ஈடுபட்ட தடவைகள் 24 சதவீதம் கூடின. பாஸின் தரமோ உதையின் வேகமோ மாறவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது கடைசி வரிதான். உடற்தகுதி யாரையும் நல்ல ஆட்டக்காரராக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற ஆட்டத்தைக் கூடுதல் தடவை காட்டச் சந்தர்ப்பம் கொடுத்தது, அவ்வளவுதான். மோசமாகப் பாஸ் கொடுப்பவன் இப்போது கூடுதல் தடவை மோசமாகப் பாஸ் கொடுப்பான்!

இனித்தான் கதை சிக்கலாகிறது. ஓட்டம் கூடினால் வெற்றி கூடும் என்றால், அதிகம் ஓடும் அணிகள்தானே லீக்கின் உச்சியில் இருக்க வேண்டும்? இங்கிலாந்தின் மேல் மூன்று பிரிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பிரீமியர் லீக் வீரர்களை விடக் கீழ்ப் பிரிவு வீரர்கள்தான் அதிக வேக ஓட்டம் ஓடியிருந்தார்கள். யோ-யோ சோதனையில் வைத்துப் பார்த்தால் மூன்று பிரிவினரின் தகுதியும் ஏறக்குறைய ஒன்றுதான். இத்தாலியிலும் இதே மாதிரி: பட்டியலின் மேலே இருந்த அணிகள் மொத்தத்தில் குறைவாகவும், பந்தோடு கூடுதலாகவும் ஓடியிருந்தன. கீழே இருக்கிறவர்கள் பந்தைத் தொலைத்துவிட்டு அதைத் துரத்தித் துரத்தியே ஓடுகிறார்கள். தொலைக்காட்சியில் மெச் முடிந்ததும் "இவர் 12 கிலோமீற்றர் ஓடினார்" என்று காட்டுவார்களே, அதைப் பார்த்து வியக்கும்போது, அதில் எத்தனை கிலோமீற்றர் தேவையில்லாமல் ஓடியது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்காக ஓட்டம் வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. பிரீமியர் லீக்கில் 2006–07இலிருந்து 2012–13 வரைக்குமான மாற்றத்தைப் பார்த்தவர்கள், மொத்தத் தூரம் 2 சதவீதம் அளவில்தான் கூடியது, வேகமான ஓட்டமோ 30 சதவீதம் அளவுக்குக் கூடியது என்று கண்டார்கள். ஜேர்மன் பண்டஸ்லிகா கோல்களை ஆராய்ந்தபோது, கோல் அடிக்கும் முன் அந்த வீரர் செய்த காரியங்களில் முதலிடம் நேர்கோட்டுப் பாய்ச்சலுக்குத்தான். ஆக, உடற்தகுதி உள்ளே போவதற்கான டிக்கட் மாதிரி; வாசலில் அதன் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. டிக்கட் எடுத்தவர்கள் எல்லாரும் உள்ளே ஒரே தரத்தில் நிற்கும்போது, யார் வெல்வது என்பதைப் பந்துதான் தீர்மானிக்கிறது. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் டிக்கட் எடுக்காமல் வருகிறவர்கள் நிறைய. அதனால்தான் இங்கே ஸ்டமினா இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, வெயிலுக்கு வருவோம். இதைப் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பில் உடற்தகுதி பேச முடியாது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து சுடச்சுட வீசும்போது, மூன்றரை மணிக்கு விசில் ஊதினால் பந்து பட்ட இடமெல்லாம் புழுதி. தண்ணீர்ப் போத்தலை எடுத்தால் அதுவும் சுடும். இந்தச் சூட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. ஒரே வீரர்களை ஏறக்குறைய 21 பாகை வெப்பத்தில் ஒரு மெச்சும் 43 பாகையில் ஒரு மெச்சும் ஆடவைத்தார்கள். சூட்டில் மொத்தத் தூரம் 7 சதவீதம் குறைந்தது, வேகமான ஓட்டம் 26 சதவீதம் குறைந்தது. ஆனால் பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்த வீதம் 8 சதவீதம் கூடியது! 2014 பிரேசில் உலகக் கிண்ணத்திலும் வெப்பம் கடுமையாக இருந்த ஆட்டங்களில் பாய்ச்சல்கள் குறைந்து, பாஸ்கள் திருந்தியிருந்தன.

அனுபவசாலிகள் சூட்டை உணர்ந்தவுடன் தாங்களாகவே ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பந்தைத் துரத்துவதைக் குறைத்து, காலில் வைத்துக்கொண்டு எதிரியை ஓடவிடுகிறார்கள். எங்கள் பொடியன்கள் இதற்கு நேர்மாறு. முதல் பத்து நிமிடம் மைதானம் முழுக்க ஓடித் தீர்த்துவிட்டு, இடைவேளையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேப்பமர நிழலில் மல்லாந்து கிடப்பார்கள். வெளியே நிற்கும் நாங்களும் "ஓடு, ஓடு, விடாத!" என்று உசுப்பேற்றிக்கொண்டே இருப்போம். பந்தை நிறுத்தி ஒருவன் நாலு பக்கமும் பார்த்தால் சோம்பேறி என்று ஏச்சு. வெயில் நாட்டில் இருந்துகொண்டு குளிர் நாட்டுக்காரன் மாதிரி ஆடுகிறோம் என்பது என் நீண்டகால ஆதங்கம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1970களிலேயே சுவீடனில் சால்ட்டின் என்பவர் பார்த்தது: தசையில் கிளைக்கோசன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து, குறைவாக இருந்த நிலையில் மெச் தொடங்கிய வீரர்கள் தூரத்தில் பாதியை நடந்தே கழித்தார்கள்; நிறைவாக இருந்தவர்கள் நடந்தது கால்பங்கு சொச்சம்தான். கிளைக்கோசனை நிரப்புவது சோறு, பிட்டு, இடியப்பம், வாழைப்பழம். விலை கூடிய பவுடர் டின் ஒன்றும் தேவையில்லை. வயலில் காலையிலிருந்து நின்றுவிட்டு, மத்தியானம் ஒரு பணிசும் பிளேன்டீயும் குடித்துவிட்டு மைதானத்துக்கு வருகிற பொடியன் இரண்டாம் பாதியில் நடந்தால், அவனிடம் ஸ்டமினா இல்லை என்று சொல்வது அநியாயம். மத்தியானம் சோறு சாப்பிட்டியா மனே என்று முதலில் கேட்க வேண்டும்.

கூடைப்பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மட்டக்களப்பில் அதைத் தாண்டிப் போனால் சண்டைக்கு வருவார்கள். அமெரிக்க யேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் ஊன்றிவிட்டுப் போன விளையாட்டு அது. எங்கள் பெரிய மைதானமே அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. அவுஸ்திரேலிய லீக் வீரர்களை வைத்து 1995இல் வந்த ஆய்வு ஒன்றில், ஒரு மெச்சில் ஒரு வீரர் ஏறக்குறைய 1,000 தடவை அசைவை மாற்றுகிறார் என்று எண்ணியிருந்தார்கள். ஓட்டம், நிறுத்தம், பக்கவாட்டில் சறுக்கல், பாய்ச்சல், ஏறக்குறைய இரண்டு செக்கனுக்கு ஒன்று. இதற்கு மைதானத்தைச் சுற்றி ஓடுவது எந்த வகையில் தயார்படுத்தும்? பழைய கூடைப்பந்துக்காரர்கள் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடித் தொட்டுத் திரும்பும் பயிற்சியைக் கொடுத்துவந்ததற்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

உடற்தகுதி வெற்றிக்கு உதவும் இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை: காயப்படாமல் மைதானத்தில் இருப்பது. ஐரோப்பாவின் பெரிய கழகங்களைப் பதினொரு பருவகாலம் தொடர்ந்து பார்த்ததில், காயங்களால் வீரர்களைக் குறைவாக இழந்த பருவங்களில் கழகங்கள் லீக்கில் மேலே முடித்திருந்தன. கிழமைக்கு ஒரு மெச் ஆடுவதையும் இரண்டு ஆடுவதையும் ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், இரண்டு ஆடியபோது ஓட்டம் குறையவே இல்லை, ஆனால் காயம் ஆறு மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நன்றாகத்தான் ஓடுகிறான், உள்ளே தசை கிழியக் காத்திருக்கிறது. ஒரு மெச்சில் தோற்றாலே வெளியே போக வேண்டிய எங்கள் விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு மெச் வைக்கிறார்கள். நடத்துகிறவர்களுக்கு மைதானம் கிடைப்பது கஷ்டம், செலவும் கூட, அது எனக்கும் விளங்குகிறது. இருந்தாலும் காலை மெச்சில் வென்ற அணி மாலையில் அதே பதினொரு பேரை இறக்கும்போது எனக்கு நெஞ்சு பக்கென்கிறது.

தொடையின் பின்தசைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. காசு செலவே இல்லை. முழங்காலில் நின்றுகொள்ள வேண்டும். பின்னால் ஒருவன் கணுக்கால் இரண்டையும் அமத்திப் பிடிக்க வேண்டும். உடம்பை வளைக்காமல் முன்னால் மெதுவாகச் சரிய வேண்டும், தசை எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம். டென்மார்க்கில் 942 வீரர்களை இரண்டாகப் பிரித்து இதைச் செய்யவைத்துப் பார்த்தார்கள். செய்த பக்கத்தில் பின்தசைக் காயம் 15, செய்யாத பக்கத்தில் 52. இதை எங்கள் பொடியன்களுக்கு மணலில் செய்து காட்டியபோது முதலில் ஒரே சிரிப்பு. பலசாலி என்று பேரெடுத்தவன் பாதி சரிவதற்குள் தொப்பென்று முகம் மணலில் புதைய விழுந்தான். எழும்பி, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே, "கால் கிழிஞ்சி போற மாதிரி இரிக்கி" என்றான். அடுத்த நாள் பாதிப் பேர் படியிறங்க முடியாமல் நொண்டினார்கள். மெதுமெதுவாகக் கூட்ட வேண்டிய பயிற்சி இது. ஆர்வக்கோளாறில் முதல் நாளே நிறையச் செய்தால் இப்படித்தான்.

அப்புறம், கிரிக்கெட்டை இழுக்காமல் இந்தப் பேச்சு எங்கள் கழகத்தில் ஒருநாளும் முடிந்ததில்லை. இலங்கைத் துடுப்பாட்டக்காரர் பானுக ராஜபக்ச 2022 ஜனவரியில், உடற்தகுதி விதிகள் பற்றிய சர்ச்சைக்கு நடுவே ஓய்வு அறிவித்து, சில நாட்களில் அதை மீளப் பெற்றார். அந்த வருடமே செப்டெம்பரில் டுபாயில் ஆசியக் கிண்ண இறுதி. பாகிஸ்தானுக்கு எதிராக 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் போன நிலையில் நின்று, 45 பந்தில் ஆட்டமிழக்காமல் 71 அடித்து, கிண்ணத்தை வாங்கித் தந்தார். "பாத்தியா, இதுதான் திறமை, ஓட்டமும் மண்ணாங்கட்டியும்!" என்று எங்கள் கழகத்தின் மூத்தவர் ஒருவர் இன்றைக்கும் மேசையில் அடித்துச் சொல்வார். 45 பந்துக்கு நிற்பதும் 90 நிமிடம் பந்தைத் துரத்துவதும் வேறு வேறு வேலை என்று நான் சொன்னால், அவருக்கு அது காதில் ஏறாது. அதே நேரம், தடித்த உடம்போடு இருந்த அர்ஜுன ரணதுங்கதான் 1996இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கினார் என்று அவர் அடுத்த துரும்பை இறக்கும்போது பதில் சொல்ல நானும் கொஞ்சம் தடுமாறுவேன்.

அவர் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர். கலியாணம் முடித்து, வயிறு கொஞ்சம் வைத்துவிட்டது. யோ-யோவில் முதல் சில நிலையிலேயே கையைத் தூக்கிவிடுவார். ஆனால் கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் பந்து காலுக்கு வந்தால் கோல்காப்பாளரைப் பார்க்காமலே மூலையில் வைப்பார். அவரை எடுப்பதா விடுவதா என்பதல்ல இப்போது பிரச்சினை. எப்போது இறக்குவது என்பதுதான். முன்னே சொன்ன பங்ஸ்போ குழுவின் ஆய்விலேயே, மாற்றாக இறங்கியவர்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மற்றவர்களை விட 25 சதவீதம் அதிகமாக வேக ஓட்டம் ஓடினார்கள் என்று இருக்கிறது. எதிரணித் தடுப்பாளர் முழங்காலில் கையூன்றி நிற்கிற நேரத்தில் இவரைப் புதுக்காலோடு உள்ளே விடுவோம் என்பது என் கட்சி.

மூத்தவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. "தம்பி, நம்மட மெச் பாதிக்கு முப்பது நிமிசம். முதல் கோல் போட்டவன்தான் இஞ்ச வெல்லுறது. அவனத் தொடக்கத்துலயே விடு, களைச்சா எடு, மறுகா ஓடுறவன இறக்கு" என்கிறார்.

முப்பது நிமிடப் பாதி என்றால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஐரோப்பிய ஆய்வுகள் எல்லாம் தொண்ணூறு நிமிடத்துக்கானவை. அடுத்த சுற்றுப்போட்டியின் முதல் மெச்சில் அவர் சொல்கிறபடி விட்டுப் பார்ப்பது, இரண்டாவது மெச்சில் நான் சொல்கிறபடி என்று இப்போதைக்கு ஒப்பந்தம். முதல் மெச்சில் தோற்றால் இரண்டாவது மெச் இல்லை என்பதை அவர் கவனிக்காமல் இல்லை.